எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை: விசிறியும் எஞ்சின் உயரமும் சரிபார்க்கும் முறை

தேவகோட்டையில் பட்டறை வைத்துக்கொண்டு படகு எஞ்சின் பார்க்கிறேன் என்று சொன்னால், புதிதாகக் கேட்பவர்கள் சிரிப்பார்கள். செட்டிநாட்டில் ஊருணி உண்டு, கண்மாய் உண்டு, கடல் ஏது? திருவாடானைச் சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால் தொண்டி. அதற்கு வடக்கே எஸ்.பி.பட்டினம், தெற்கே நம்புதாளை, முள்ளிமுனை, காரங்காடு. அந்தக் கரைகளிலிருந்து சாக்கில் சுற்றிய விசிறியை, அதாவது தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் புரொப்பல்லரை, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள்தான் என் பட்டறைக்குச் சோறு போடுகிறார்கள்.

வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியோடு வருவார்கள். "அண்ணே, பக்கத்துப் படகும் இதே எஞ்சின்தான். அவன் ஏலத்துக்கு முதலில் வந்து நிற்கிறான், நான் கடைசியில் வருகிறேன். பெரிய எஞ்சின் மாற்றிவிடலாமா?" பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இருக்கிற எஞ்சினின் சக்தி தண்ணீருக்குள் ஒழுங்காகப் போய்ச் சேராமல் இருக்கும். காரணம் விசிறியாக இருக்கலாம், எஞ்சின் தொங்கும் உயரமாக இருக்கலாம், படகாகவே இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

கீழே சொல்வது வெளிப்புற எஞ்சின் பூட்டி, நீரின்மேல் எழும்பி ஓடக்கூடிய இலேசான பைபர் படகுகளுக்கு. வலையும் ஐஸும் ஏற்றி நிதானமாகப் போகும் வள்ளங்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

எதையும் கழற்றுவதற்கு முன்

இரண்டு எண் வேண்டும். முழு விசையில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது, அப்போது படகு மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகிறது. வேகத்துக்குக் கைப்பேசியிலுள்ள ஜிபிஎஸ் போதும். சுற்றுக்கு டாக்கோமீட்டர் இல்லாத எஞ்சின் என்றால், ஸ்பார்க் பிளக் கம்பியில் ஒயரைச் சுற்றிப் பார்க்கும் சிறு மீட்டர் விற்கிறது, அதை வாங்கிவிடுங்கள். சத்தத்தை வைத்துச் சுற்றைச் சொல்லிவிடுவேன் என்கிறவர்களை நான் நம்புவதில்லை. நானும் இருபது வருடம் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

ஓட்டிப் பார்க்கும்போது வழக்கமாக ஏற்றும் ஆளும் எரிபொருளும் படகில் இருக்க வேண்டும். நீவாட்டோடு, அதாவது கடல் நீரோட்டத்தோடு ஒரு தடவை, நீவாட்டை எதிர்த்து ஒரு தடவை ஓட்டிச் சராசரி எடுங்கள். கொண்டல் காற்று ஓங்கி அடிக்கும் நாளில் எடுத்த எண்ணை அடித்துப் போட்டுவிட்டு, கடல் அடங்கிய காலையில் மறுபடி எடுங்கள். உயிர்ச்சட்டையும், விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறும் இல்லாமல் இந்தச் சோதனையே வேண்டாம்.

மூன்றாவதாக ஓர் எண் எஞ்சின் கையேட்டில் இருக்கும். முழு விசையில் இத்தனையிலிருந்து இத்தனை சுற்றுக்குள் நிற்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். இந்தக் கரையில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றுக்கு 4500 முதல் 5500. நான்கு ஸ்ட்ரோக் என்றால் பெரும்பாலும் 5000 முதல் 6000. இந்த வரம்புக்குள் நிற்பதுதான் நாம் தேடுவது.

விசிறியின் நடுவே, இதழ்கள் ஒட்டியிருக்கும் குடத்தில் இரண்டு எண் பொறித்திருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். மரத்துக்குள் திருகாணி ஏறுவதுபோல விசிறி வழுக்காமல் தண்ணீருக்குள் ஏறினால், ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பதுதான் பிட்ச். தண்ணீர் மரமல்ல, அதனால் வழுக்கும். எவ்வளவு வழுக்குகிறது என்பதில்தான் பாதி நோய் தெரியும். கணக்கு எளிது: எஞ்சின் சுற்றைக் கியர் விகிதத்தால் (விசிறி ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று என்பது) வகுத்து, பிட்சால் பெருக்கி, 656-ஆல் வகுத்தால் வழுக்காத வேகம் கிலோமீட்டரில் வரும். ஜிபிஎஸ் வேகம் அதைவிட எத்தனை சதவீதம் குறைவோ, அது வழுக்கல். எழும்பி ஓடும் இலேசான படகில் 10 முதல் 20 சதவீதம் வழுக்கல் இயல்பு. அதற்கு மேலே போனால் எங்கோ கசிகிறது.

கோளாறு: எஞ்சின் கத்துகிறது, சுற்று வரம்பைத் தாண்டுகிறது, வேகம் ஏறவில்லை

இதில் நான்கு நோய் ஒரே குரலில் பேசும். எப்போது கத்துகிறது என்று கேட்டால் பிரித்துவிடலாம்.

வளைவில் மட்டும், அல்லது அலை மேல் ஏறி இறங்கும்போது மட்டும் கத்தினால், விசிறி காற்றை இழுக்கிறது. மேலேயிருந்து காற்றோ, குடம் வழியாக வெளியேறும் புகையோ இதழுக்குள் புகுந்துவிட்டால் இதழுக்குப் பிடிப்புக் கிடைக்காது, சும்மா சுற்றும். எஞ்சின் அளவுக்கு மீறி உயரத்தில் தொங்குகிறது, அல்லது வெளிப்பக்கம் மிகவும் சாய்ந்திருக்கிறது. அரை அங்குலம் இறக்குங்கள். போதாவிட்டால், எஞ்சின் எவ்வளவு சாய்ந்து நிற்கும் என்பதை முடிவுசெய்யும் சாய்வு ஊசியை ஒரு துளை உள்ளே மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டு எது குணப்படுத்தியது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

நேராகப் போகும்போதும் சதா கத்துகிறது, வழுக்கல் கணக்கோ 15 சதவீதம்தான் என்றால் விசிறி சின்னது. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, பிட்ச்தான் போதவில்லை. ஓர் அங்குலம் பிட்ச் கூட்டினால் சுற்று சுமார் 150 முதல் 200 வரை இறங்கும். வரம்பு 5500, நீங்கள் பார்ப்பது 5800 என்றால் இரண்டு அங்குலம் கூட்ட வேண்டும். இது நல்ல நோய். குணமானதும் வேகமும் கூடும்.

நேராகப் போகும்போது கத்துகிறது, வழுக்கலும் 30, 35 என்று வந்தால், இதழை விரலால் தடவிப் பாருங்கள். முன்விளிம்பு மடங்கியிருக்கும், நுனி தேய்ந்திருக்கும். அல்லது ஏராவுக்கு (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் நடுக்கட்டை) பின்னால் எதுவோ தண்ணீரைக் கலக்கிவிடுகிறது. ஒரு படகில் மீன் தேடும் கருவியின் உணர்முனையை விசிறிக்கு நேர் எதிரே பூட்டியிருந்தார்கள். அதன் பின்னால் வரும் குமிழி முழுவதும் விசிறிக்குள் போய்க்கொண்டிருந்தது. அதை ஒரு முழம் பக்கவாட்டில் தள்ளினோம், படகு சரியாகிவிட்டது. அந்த மனிதர் அதற்குள் இரண்டு விசிறி வாங்கியிருந்தார்.

நான்காவது நோய்தான் ஆளை ஏமாற்றும். மெதுவாகப் போகும்போது ஒரு குறையும் இருக்காது. விசையைத் திருகியதும் எஞ்சின் சீறும், படகு அப்படியே நிற்கும். விசிறியின் குடத்துக்குள் ரப்பர் புஷ் ஒன்று இருக்கிறது. விசிறி பாறையிலோ மணல் திட்டிலோ மோதினால் கியர் உடையாமல் காப்பாற்றுவதற்காக வைத்தது. அது தளர்ந்துவிட்டால் தண்டு சுற்றும், இதழ் சுற்றாது. சோதிப்பதற்குக் காசு செலவில்லை. விசிறியைக் கழற்றி, பின்பக்கத்தில் உள்வளையத்தையும் ரப்பரையும் வெளிக்குடத்தையும் சேர்த்து ஒரே நேர்கோடு போடுங்கள். பெயிண்டில் போட்டால் உப்புத் தண்ணீரில் அழியாது. பூட்டி, கத்தும்வரை ஓட்டிவிட்டு வந்து மறுபடி கழற்றுங்கள். கோடு ஒரே நேரில் இருந்தால் புஷ் நல்லது. உள்கோடு ஓரிடத்திலும் வெளிக்கோடு வேறிடத்திலும் நின்றால் தீர்ந்தது கதை. புஷ் மாற்ற வேண்டும், அல்லது விசிறி மாற்ற வேண்டும். இந்த ஒரு கோட்டைப் போடாமல் கார்புரேட்டரைப் பிரித்து மேய்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

கோளாறு: முழு விசை கொடுத்தும் சுற்று ஏறவில்லை

எஞ்சின் இருமுகிறது, கரும்புகை விடுகிறது, மேட்டில் ஐந்தாவது கியரில் ஏறும் லாரியைப்போல் முனகுகிறது. இதை அலட்சியம் செய்தால் பிஸ்டன் போகும். சுற்று கூடினால் எஞ்சின் கெடும் என்று எல்லோருக்கும் தெரிகிறது. சுமை கூடிக் குறைந்த சுற்றில் முழு விசையோடு ஓடினாலும் கெடும் என்பது தெரிவதில்லை.

விசிறியைக் குறை சொல்வதற்கு முன் படகைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் கொட்டலசு என்னும் சிறு சிப்பிபோன்ற ஒட்டுயிர் ஒட்டியிருந்தால் எந்த விசிறியும் உதவாது. உள்ளே அடைத்த நுரை தண்ணீர் குடித்திருந்தால் படகு கண்ணுக்குத் தெரியாமல் கனத்திருக்கும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் பெட்ரோலில் ஓடுவதைவிடச் சக்தி குறைவாகவே தரும். பெட்ரோல் எஞ்சினுக்குப் பொருந்திய விசிறியைப் பக்கத்துப் படகிலிருந்து கடன் வாங்கி இதில் மாட்டினால் முனகத்தான் செய்யும். ஒரு பிளக் எரியாவிட்டாலும் இதே முனகல்தான்.

இவையெல்லாம் சரி என்றால் பிட்ச் அதிகம்.

போன வருடம் ஒரு படகு வந்தது. கானாடுகாத்தான்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, தொண்டியில் நிறுத்திவைத்திருக்கும் 18 அடிப் படகு. அடி V வடிவம். 40 குதிரைத்திறன் எஞ்சின், கியர் விகிதம் 2, நீளத் தண்டு. வெளியூரில் விற்ற கடையில் "வேகம் வேண்டுமென்றால் பெரிய பிட்ச்" என்று சொல்லி 13 பிட்ச் விசிறி மாட்டிக் கொடுத்திருந்தார்கள். வேகத்துக்குப் பெரிய பிட்ச் என்பது, பசிக்கிறவனுக்குப் பெரிய இலை போடுவதுபோல. இலையில் சோறு விழ வேண்டாமா?

நாங்கள் எழுதிவைத்த நோட்டில் உள்ளபடியே சொல்கிறேன். முதல் நாள்: 13 பிட்ச், 4300 சுற்று, 32 கிலோமீட்டர். வழுக்காத வேகம் 42.6 வர வேண்டும். ஆக வழுக்கல் 25 சதவீதம், சுற்றோ வரம்பின் அடியைக்கூடத் தொடவில்லை. இரண்டாம் நாள் 11 பிட்ச் மாட்டினோம். சுற்று 4750-க்கு ஏறியது. வேகம்? அதே 32. அவர் முகம் சுருங்கிப்போனது. "அப்பச்சி இருந்திருந்தால் இதற்கு ஒரு காசு கொடுத்திருக்கமாட்டார்" என்றார். ஆனால் வழுக்கல் 20-க்கு இறங்கிவிட்டதை அவர் பார்க்கவில்லை. எஞ்சின் மூச்சு விட ஆரம்பித்துவிட்டது. இனி உயரத்தைத் தொடலாம். மூன்றாம் நாள் ஒன்றரை அங்குலம் தூக்கினோம். 5050 சுற்று, 35 கிலோமீட்டர். இப்போது சக்தி மிச்சமிருக்கிறது. நான்காம் நாள் 12 பிட்ச்: 4850 சுற்று, 37 கிலோமீட்டர், வழுக்கல் 17-க்கும் சற்றுக் கீழே. அங்கேயே நிறுத்திவிட்டோம். படகும் அதேதான், எஞ்சினும் அதேதான். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் கூடியிருந்தது. 13 பிட்ச் விசிறி இன்னும் என் பட்டறை ஆணியில் தொங்குகிறது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் எஞ்சினை வரம்புக்குள் கொண்டுவரும் விசிறி, பிறகு உயரம், உயரத்தால் கிடைத்த மிச்சத்துக்கு மறுபடி விசிறி. முனகும் எஞ்சினை முதலில் தூக்கினால் சுற்று ஏறும். நோய் தீர்ந்ததுபோல் தெரியும். வலையும் ஐஸும் ஏற்றிய நாளில் திரும்ப வந்துவிடும்.

கோளாறு: எஞ்சின் காலிலிருந்து தண்ணீர் பிய்த்து அடிக்கிறது, சுற்று சரி, வேகம் மட்டும் இல்லை

எஞ்சின் ஆழத்தில் கிடக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் எஞ்சின் காலின் ஒவ்வோர் அங்குலமும் படகைப் பின்னால் இழுக்கிறது.

விசிறிக்கு நேர் மேலே சிறகுபோல் ஒரு தகடு நீண்டிருக்கும். மெக்கானிக்குகள் கேவிட்டேஷன் பிளேட் என்பார்கள். பெயர் தப்பு. அது தடுப்பது மேலேயிருந்து காற்று இறங்குவதை; கேவிட்டேஷன் வேறு, அதற்குக் கடைசியில் வருகிறேன். தகடு என்று மட்டும் சொல்லிவைப்போம். படகைத் தரையில் சமமாக நிறுத்தி, எஞ்சினைச் செங்குத்தாக வைத்து, ஏராவின் அடிக்கோட்டுக்கு நேராக நீளமான மரச்சட்டம் ஒன்றைப் பின்னால் நீட்டுங்கள். தகடு சட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருந்தால் கம்பெனி சொல்லும் தொடக்க நிலை. அடி V-ஆக உள்ள வேகப் படகில் சட்டத்துக்கு மேலே ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் வரைகூடத் தாங்கும். தட்டையடி என்றால் அவ்வளவு தூக்காதீர்கள்.

தண்டு நீளத்தையும் இதே கையோடு அளந்துவிடுங்கள். குட்டைத் தண்டுக்கு, எஞ்சின் தொங்கும் பின்பலகையின் உயரம் 15 அங்குலம், நீளத் தண்டுக்கு 20, அதற்கு மேல் 25. பதினைந்து அங்குலப் பலகையில் நீளத் தண்டு எஞ்சினைத் தொங்கவிட்டுவிட்டு, படகு ஏன் இழுக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஐந்து அங்குலம் இரும்பு தண்ணீருக்குள் சும்மா கிடந்தால் இழுக்காமல் என்ன செய்யும்?

தூக்குவது எப்படி? பெரிய எஞ்சின்களில் போல்ட் போட ஒன்றன்மேல் ஒன்றாக முக்கால் அங்குல இடைவெளியில் துளைகள் இருக்கும்; ஒரு துளை மாற்றினாலே வித்தியாசம் தெரியும். கிளாம்பில் பிடிக்கும் சின்ன எஞ்சினுக்கு, பலகையின் தலையில் அரை அங்குல மரச்சட்டம் ஒன்று வைத்து அதன்மேல் உட்காரவையுங்கள். செட்டிநாட்டில் மரத்துக்குப் பஞ்சமில்லை. இடித்த வீட்டுத் தேக்குச் சட்டம் காரைக்குடியில் கிடைக்கும். நான் அதைத்தான் இழைத்து வைத்திருக்கிறேன், உப்புத் தண்ணீரில் சீக்கிரம் உளுக்காது. கிளாம்பின் திருகுத் தட்டு இரண்டும் முழுவதும் பலகையைக் கவ்விப் பிடித்திருக்க வேண்டும். விளிம்பைக் கவ்விக்கொண்டு நின்றால் எஞ்சின் ஒருநாள் கடலுக்குள் குதித்துவிடும். எஞ்சினையும் படகையும் சேர்த்து ஒரு சங்கிலி போடுவது எங்கள் வழக்கம்.

ஒவ்வொரு தடவையும் அரை அங்குலம். ஓடும்போது இன்னொருவரைத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தகட்டின் மேல் தண்ணீர் மெல்லிய படலமாகத் தவழ்ந்து போனால் சரியான இடம். தகடு கண்ணில் படாமல் கொந்தளிப்புக்குள் மூழ்கியே கிடந்தால் இன்னும் தூக்கலாம். வளைவில் கத்த ஆரம்பித்தால் அரை அங்குலம் திரும்ப இறக்கிவிடுங்கள். அதுதான் உங்கள் படகின் உயரம்.

பின்பலகைக்கும் எஞ்சினுக்கும் நடுவே இரும்புத் தாங்கி வைத்து எஞ்சினைப் பின்னால் தள்ளியிருந்தால் இன்னும் கொஞ்சம் தூக்கலாம். படகுக்குப் பின்னால் போகப் போக நீர்மட்டம் உயர்கிறது. எட்டு அங்குலம் பின்னால் தள்ளினால் ஓர் அங்குலம் உயரம் என்பது கைக்கணக்கு.

கோளாறு: தூக்கிய பிறகு பீச்சும் தண்ணீர் மெலிந்துவிட்டது

உடனே இறக்குங்கள். குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகும் துளைகள் எஞ்சின் காலின் பக்கவாட்டில், தகட்டுக்குக் கீழே இருக்கின்றன. தகட்டைத் தூக்கும்போது அவையும் மேலே வருகின்றன. எஞ்சினைக் குளிர்வித்துவிட்டுப் பின்னால் பீச்சும் தண்ணீர் தடையில்லாமல் வந்தால்தான் அந்த உயரம் செல்லும். மூன்று கிலோமீட்டர் வேகத்துக்காகச் சிலிண்டர் தலையை எரித்துக்கொள்வது எந்தக் கணக்கில் சேர்த்தி?

பாக் விரிகுடாவில் இன்னொரு காரணமும் உண்டு. இங்கே கடல் ஆழமில்லை, அடியில் கடற்புல் மெத்தை விரித்ததுபோலக் கிடக்கிறது. பிய்ந்த புல் துளையை மூடிக்கொள்ளும். உயரத்தைக் குறை சொல்வதற்கு முன் எஞ்சினை நிறுத்தித் தூக்கி, கையால் வழித்துவிட்டுப் பாருங்கள். புல் காட்டுக்குள் விசையோடு நுழைவது எஞ்சினுக்கும் கேடு, புல்லுக்கும் கேடு. அந்தப் புல்லைத் தின்று வாழும் ஆவுளியா என்னும் கடல்பசுவுக்காகத்தான் 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள். ஆழமில்லாத இடத்தில் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கம்பு ஊன்றிப் போவது நம் பெரியவர்கள் செய்ததுதான்.

கோளாறு: கிளம்பும்போது அணியம் (படகின் முன்முனை) வானத்தைப் பார்க்கிறது, படகு எழும்ப நேரமாகிறது

பெரும்பாலும் ஆட்கள் எல்லோரும் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். எரிபொருள் கேனை முன்னால் தள்ளுங்கள். எஞ்சினை ஒரு துளை உள்பக்கம் சாயுங்கள். அப்படியும் எழும்பவில்லை என்றால் பிட்ச் ஓர் அங்குலம் குறையுங்கள், அல்லது நான்கு இதழ் விசிறி போடுங்கள். நான்கு இதழ் தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், சுமையோடு எழுப்பும். உச்ச வேகத்தில் கொஞ்சம் பறித்துக்கொள்ளும். சுற்றுலாவுக்கு ஆள் ஏற்றுகிற படகு என்றால் நான் யோசிக்காமல் நான்கு இதழ்தான் சொல்வேன்.

கோளாறு: வேகத்தில் தவளைபோல் குதிக்கிறது

எஞ்சின் வெளியே அதிகம் சாய்ந்திருக்கிறது. ஒரு துளை உள்ளே. அணியம் தண்ணீரை உழுதுகொண்டு போனால் இதற்கு நேர்மாறு, ஒரு துளை வெளியே. இதற்கு விசிறி வாங்கச் சொல்பவரிடம் இருந்து விலகியிருங்கள்.

கோளாறு: உயரம் தூக்கியதிலிருந்து கைப்பிடி ஒரு பக்கம் இழுக்கிறது

இது எதிர்பார்த்ததுதான். விசிறி மேலே வந்ததும், மேலே சுற்றும் இதழுக்கும் கீழே சுற்றும் இதழுக்கும் கிடைக்கும் பிடிப்பு வேறுபடுகிறது; அந்த வித்தியாசம் உங்கள் மணிக்கட்டுக்கு வந்து சேர்கிறது. தகட்டின் அடியில் மீன் துடுப்புபோல ஒரு சிறு துண்டு இருக்கும். படகு எந்தப் பக்கம் போக முயல்கிறதோ, அந்தப் பக்கமாக அதன் பின்முனையைக் கொஞ்சம் திருப்பிவிடுங்கள். எஞ்சினை மிகவும் தூக்கியிருந்தால் அந்தத் துண்டே தண்ணீருக்கு மேலே வந்துவிடும்; அப்புறம் எப்படித் திருப்பினாலும் பயனில்லை. கைப்பிடி எஞ்சினில் இழுப்பு அதிகமானால் வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அரை அங்குலம் இறக்குவேன். ஒரு கணம் கை நழுவினால் படகு சுழன்று ஆளைத் தூக்கி எறியும்.

கோளாறு: படகு முழுவதும் அதிர்கிறது

ஓர் இதழ் மற்ற இரண்டைப்போல் இல்லை. இதைக் கண்டுபிடிக்க என் பட்டறையில் ஒரு கருவி உண்டு: ஆத்தங்குடி ஓடு. அந்த ஓட்டைக் கண்ணாடியின் மேல் வார்க்கிறார்கள், அதனால் முகம் கண்ணாடிபோலச் சமம். உடையாத பெரிய ஓடு ஒன்றைச் சமமான பலகையில் பதித்துவைத்திருக்கிறேன்.

விசிறியை ஓட்டின் மேல், குடத்தின் வாய் கீழே இருக்கும்படி நிமிர்த்தி வையுங்கள். மையத்திலிருந்து இதழ் நீளத்தில் முக்காலுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், மூன்று இதழிலும் ஒரே அளவில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு முன்விளிம்பைத் தொடும் இடம் ஓட்டிலிருந்து எவ்வளவு உயரம், பின்விளிம்பைத் தொடும் இடம் எவ்வளவு உயரம் என்று மூலைமட்டத்தை நிறுத்தி அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். பிறகு அந்த இரண்டு இடங்களுக்கும் மையத்தில் எத்தனை பாகைக் கோணம் என்று பாகைமானி வைத்துப் பாருங்கள். உயர வித்தியாசத்தை 360-ஆல் பெருக்கிக் கோணத்தால் வகுத்தால் அந்த இதழின் உண்மையான பிட்ச். வித்தியாசம் இரண்டு அங்குலம், கோணம் 72 பாகை என்றால் பத்து அங்குலம். ஓர் இதழ் 10, இன்னொன்று 10, மூன்றாவது 9 என்று வந்தால் அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. குடத்தில் பொறித்த எண் மூன்று அடி வாங்கிய பிறகும் மாறாமல் நிற்கும். இதழ் மாறியிருக்கும்.

அலுமினிய இதழை ஒரு தடவை நிமிர்த்தலாம், இரண்டு தடவை நிமிர்த்தலாம். அப்புறம் அது விரிசல் விடும். எஃகு விசிறி எளிதில் வளையாது, மெல்லிய இதழ், வேகம் கூடும். ஆனால் மணல் திட்டில் மோதினால் விசிறி பிழைத்து, கியருக்கும் தண்டுக்கும் அடி போகும். முள்ளிமுனைப் பக்கம் ஓடும் படகுக்கு நான் அலுமினியமே பரிந்துரைப்பேன்.

கோளாறு: இதழில் அம்மைத் தழும்புபோல் குழிகள்

இங்கேதான் கேவிட்டேஷன் வருகிறது. இதழின் ஒரு பக்கத்தில் அழுத்தம் மிகவும் குறைந்தால் தண்ணீர் சூடாகாமலே கொதித்துக் குமிழியாகும். அந்தக் குமிழி உடையும் இடத்தில் உலோகத்தைக் கொத்தி எடுக்கும். குழி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வோர் இதழிலும் ஒரே இடத்தில், பெரும்பாலும் முன்விளிம்பை ஒட்டி, கூட்டமாக இருந்தால் கேவிட்டேஷன். விளிம்பு மடங்கியிருக்கும், அரத்தால் சீராக்குங்கள். இதழ், குடம், எஞ்சின் கால் என்று பெயிண்ட் உரிந்த இடமெல்லாம் வெள்ளைப் பொடியோடு குழி இருந்தால் அது உப்பரிப்பு. அதற்குத் தகட்டின் அடியில் பூட்டியிருக்கும் துத்தநாகக் கட்டியைப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள், அதன்மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். தான் கரைந்து மற்றதைக் காப்பதுதான் அதன் வேலை. அரிப்பைப் படிக்கும் பெரிய இடம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், கடல் அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் ஒரு கிளையும் வைத்திருக்கிறது. கடலில்லாத ஊரில் நான் மட்டும் கடல் வேலை செய்யவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

திரும்பப் பூட்டும்போது

பிளக் கம்பியைக் கழற்றாமல் விசிறியில் கை வைக்காதீர்கள். தண்டில் முதலில் பார்க்க வேண்டியது தங்கூசி. அறுந்த வலை நரம்பு விசிறிக்குப் பின்னால் சுற்றி, எண்ணெய்ச் சீலை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். கியர் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். விசிறியை ஓரமாக வைத்துவிட்டு அந்த வேலையை முதலில் முடியுங்கள். தண்டின் பல்லில் தண்ணீர் கரைக்காத கிரீஸ் தடவுங்கள், அடுத்த முறை சுத்தியல் தேவைப்படாது. பெரிய வாஷர் விசிறிக்கு முன்னால் போகிறது. அதை மறந்துவிட்டு விசிறியைத் தள்ளினால் குடம் கியர் பெட்டியை உரசும். நட்டை இறுக்கி, பின்னூசியைப் புதிதாகப் போட்டு, இரண்டு காலையும் விரித்து மடக்குங்கள். பழைய ஊசியை நிமிர்த்தித் திருப்பிப் போட்ட ஒருவருடைய விசிறி இப்போது நம்புதாளைக்கு நேர் கிழக்கே எங்கோ கிடக்கிறது.